பூசணிக்கு இடமில்லை

"உன் பொண்டாட்டி என்னை ஒரு மனுஷியா மதிக்கிறாளா இல்லையா, அதை மட்டும் சொல்லு" என்றாள் அக்கா, போனில்.

கண்ணாடிக்காரர் வாய் நிறையப் பற்பசை நுரையோடு "ம்" என்றார். அக்காவுக்கு அது போதவில்லை.

"நேத்து நாப்பது வீடியோ அனுப்பியிருக்கேன். மாடியில பூசணி காய்ச்சிருக்குடா. நாலு பக்கமும் சுத்திச் சுத்தி எடுத்து அனுப்பினேன். ஒண்ணைக்கூட அவ திறந்து பார்க்கல. கேட்டா போன்ல இடமில்லையாம். ஒரு வருஷமா இதே பாட்டு."

"நிஜமாவே இல்லக்கா. நானே என் கண்ணால பார்த்திருக்கேன்."

"அப்ப சரி. வெள்ளிக்கிழமை கிளம்பி வரேன். பத்து நாள் தங்கி, அவ பக்கத்துல உக்காந்து, என் போன்லயே ஒண்ணொண்ணா காட்டிட்டுப் போறேன்."

கண்ணாடிக்காரர் நுரையை விழுங்கிவிட்டார்.

அவருக்கு இன்னொரு பெயர் உண்டு. ஆனால் இருபத்திரண்டு வருடமாக மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தீட்டி, பிரேமில் பொருத்திக் கொடுத்துக்கொண்டிருக்கிறவரைச் சொந்தக்காரர்களே கண்ணாடிக்காரர் என்றுதான் சொல்கிறார்கள். கை நடுங்காது. கடுகைவிடச் சின்ன ஸ்க்ரூவையும் ஒரே முயற்சியில் மாட்டிவிடுவார். அந்தக் கையை வீட்டிலும் சும்மா வைத்திருக்க மாட்டார் என்பதுதான் தொல்லை. காலிங் பெல்லை அவர் சரிசெய்த நாளிலிருந்து வருகிறவர்கள் கதவைத் தட்டுகிறார்கள்.

சமையலறையில் மனைவி கோப்பைகளைத் துடைத்தபடி மகளின் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தாள். மகள் வேறு ஊரில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடமாகிறது. அலுவலகத்திலிருந்து அறைக்கு நடந்துபோகும் பதினைந்து நிமிடமும் தினமும் அம்மாவுக்குப் பேசிப் பதிவுசெய்து அனுப்பிவிடுவாள். பஸ் வராதது, மேனேஜர் முறைத்தது, செருப்பு கடித்தது எல்லாம் அதில் இருக்கும். மனைவி அதைச் சாயங்காலம் ஒருமுறையும் மறுநாள் காலையில் ஒருமுறையும் கேட்பாள். இதுவரை ஒன்றைக்கூட அழித்ததில்லை.

"அக்கா கோவமா இருக்காங்க" என்றார் கண்ணாடிக்காரர்.

"எப்ப சந்தோஷமா இருந்தாங்க?"

"வீடியோவை நீ பார்க்கறதே இல்லையாம். கொஞ்சம் ஏதாவது அழிச்சிட்டு..."

மனைவி கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்து, இரண்டு தட்டுத் தட்டி அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். சாம்பல் நிறக் கட்டத்துக்குள் 'சேமிப்பிடம் நிரம்பிவிட்டது' என்றிருந்தது. மேல் மூலையில் மணி நாலு பத்து. சுவர்க் கடிகாரத்தில் காலை ஏழு. பாவம், மணியை நகர்த்தக்கூட அதற்கு இடமில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

"புதுசு வாங்கிடலாமா?"

"வேணாங்க. பாப்பா பேசினது பூரா இதுல இருக்கு. மாத்தறப்ப அதுல ஒண்ணு போனாலும் என்னால தாங்க முடியாது."

"பழசா பார்த்து நாலை மட்டும் அழிச்சா?"

மனைவி அவரைப் பார்த்த பார்வையில் அவர் கோப்பையைத் தானே கழுவி வைத்துவிட்டார்.

ஒரு விஷயத்தை அவர் மனைவியிடம் சொல்லியிருக்கவில்லை. போன வாரம் கடை முகவரிக்கு அவர் பெயரில் ஒரு பார்சல் வந்திருந்தது. உள்ளே சூடான காற்று ஊதும் துப்பாக்கி ஒன்று, சிப்பைப் படித்து நகலெடுக்கும் சின்னப் பெட்டி ஒன்று, பிறகு நூற்று இருபத்தெட்டு ஜிபி சிப் ஒன்று. மனைவியின் போன் வாங்கும்போது அறுபத்துநாலு. பழைய சிப்பைக் கழற்றி, அதிலிருப்பதைப் புதியதில் நகலெடுத்து, புதியதை அதே இடத்தில் ஒட்டிவிட்டால் இடம் இரண்டு மடங்கு. பதினொரு வீடியோ பார்த்திருந்தார். எல்லாவற்றிலும் முகம் தெரியாத ஒருவரின் இரண்டு கைகள் மட்டும் வேலை செய்தன. அந்தக் கைகளைவிடத் தன் கை சுத்தம் என்று அவருக்குத் தோன்றியது. அங்கேதான் சனி பிடித்தது.

"உன் போன் பின்பக்கம் லேசா தூக்கிட்டு நிக்குது பாரு. கடைக்குக் கொண்டுபோய் ஒட்டிட்டு வரேன். இன்னிக்குக் கடை லீவு, நிதானமா செய்யலாம்."

மனைவி போனைத் திருப்பிப் பார்த்தாள். தரலாமா வேண்டாமா என்று யோசித்தாள். "ஒட்டினா மட்டும் போதும். திறக்கக் கூடாது."

"நான் எதுக்குத் திறக்கப்போறேன்?"

"காலிங் பெல்லுக்கும் இதைத்தான் சொன்னீங்க."

"அதுவரைக்கும் என் போனை வச்சுக்கோ. நீ போன் இல்லாம கஷ்டப்படக் கூடாது" என்று பெரிய மனதோடு தன் போனை மேசையில் வைத்துவிட்டுக் கிளம்பினார்.

கடையின் ஷட்டரை இடுப்பளவு தூக்கி உள்ளே நுழைந்தார். பிரேமை வளைப்பதற்கு அங்கே ஒரு தட்டு உண்டு. பொடிப்பொடியான கண்ணாடி மணிகள் அதில் சூடாகிக் கிடக்கும். பிளாஸ்டிக் பிரேமை உள்ளே செருகினால் இளகிவிடும். போனை அதில் ஏழு நிமிடம் படுக்கவைத்தார். வீடியோக் கைகள் அரை மணி நேரம் பிளேடு வைத்து நெம்பிய பின்மூடி, இவருக்குப் பழத்தோல் மாதிரி கழன்று வந்தது.

ஸ்க்ரூ பதினேழு. எண்ணி ஒரு சின்ன மூடியில் போட்டார். பேட்டரி இணைப்பைக் கழற்றினார். தகட்டை நீக்கினார். கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தால், நடுவே கறுப்பாகச் சிப். பக்கத்தில் கடுகளவு பச்சைப் புள்ளி ஒன்று, நகப்பூச்சு மாதிரி. கம்பெனி முத்திரையாக்கும் என்று எண்ணிக்கொண்டார்.

"உள்ள ஆள் இருக்கீங்களா?" என்று ஷட்டருக்குக் கீழே ஒரு கறுப்புக் கோட்டு குனிந்தது. வாடிக்கையாளர்தான், வக்கீல். ஒரு கையில் கண்ணாடி, மறுகையில் கழன்று வந்த அதன் காது.

"இன்னிக்கு லீவு சார்."

"எனக்கு நாளைக்கு லீவு இல்லையே. காலையில அறுபது பக்கம் படிக்கணும்."

அவரை அனுப்பினால்தான் வேலை நடக்கும். கண்ணாடிக்காரர் கைக்கு எட்டிய மூடியிலிருந்து ஒரு ஸ்க்ரூவை எடுத்துச் சட்டென்று முடுக்கிக் கொடுத்தார். காது நன்றாக இறுகி நின்றது. வக்கீல் இரண்டு முறை தலையை ஆட்டிப் பார்த்துத் திருப்தியாகப் போனார்.

சிப்பைச் சுற்றிக் கறுப்பாகப் பசை இருக்கும், அதைச் சுரண்டவே ஒரு மணி நேரமாகும், பொறுமை வேண்டும் என்று வீடியோவில் எச்சரித்திருந்தார்கள். இதில் பசையே இல்லை. சூடான காற்று பட்டதும் சிப் எழுந்து வந்துவிட்டது. எல்லாம் கை ராசி என்று கண்ணாடிக்காரர் தன்னைத் தானே மெச்சிக்கொண்டார். சிப்பின் முதுகில் எறும்புக்கால் எழுத்தில் ஒரு வரிசை எழுத்தும் எண்ணும் இருந்தன. எவ்வளவு பொடி எழுத்தானாலும் படித்துவிடுகிறவர் என்பதால் அதையும் ஒன்று விடாமல் படித்தார். புரியத்தான் இல்லை.

பழைய சிப்பையும் புதியதையும் நகல் பெட்டியில் உட்காரவைத்துக் கடைக் கம்ப்யூட்டரோடு இணைத்தார். திரையில் பச்சைக் கோடு ஒன்று மெல்ல வலப்பக்கம் ஊர்ந்தது. கைகளைக் கட்டிக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்தார். மகள் பேசியதை எங்காவது ஒரு பிரதி எடுத்து வைத்துவிட்டுத் தொடங்கியிருக்கலாமோ என்று ஒரு கணம் தோன்றியது. இப்போது செய்வதே பிரதி எடுக்கிற வேலைதானே என்று அந்த நினைப்பை அனுப்பிவிட்டார்.

கடைத் தொலைபேசி அடித்தது. மனைவி.

"என்னங்க, அண்ணி உங்க போனுக்குக் கூப்பிட்டாங்க."

"நீ எடுத்தியா?"

"எடுக்காம? நீ ஏன் எடுக்கறன்னு கேட்டாங்க. உங்க போன் என்கிட்ட இருக்குன்னேன். இதுல இடம் இருக்கான்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"பொய் சொல்ல எனக்கு வாய் வரல. இருக்குன்னுட்டேன்." பின்னணியில் டிங், டிங் என்று இரண்டு முறை கேட்டது. "பூசணி வந்துட்டே இருக்கு. பூசணி முடிஞ்சு தக்காளியாம். என் போன் ஒட்டியாச்சா?"

"காய்ஞ்சிட்டிருக்கு."

திரும்பி வந்து பார்த்தால் பச்சைக் கோடு பாதியில் நின்றிருந்தது. கீழே ஒரு வரி: 'புதிய சிப்பில் இடம் போதவில்லை.'

கண்ணாடிக்காரர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி படித்தார். நூற்று இருபத்தெட்டுக்குள் அறுபத்துநாலு அடங்கவில்லையாம். இவருக்குத் தெரிந்த கணக்கில் அதற்கு வழியில்லை. முதலிலிருந்து ஓட்டினார். அதே பாதி, அதே வரி. விற்றவன் நம் தலையில் மிளகாய் அரைத்துவிட்டான், போலிச் சிப் என்று முடிவுகட்டினார். பழைய சிப்பையே திரும்ப வைத்துவிடலாம், ஒட்டினது போதும் என்று வீட்டுக்குப் போய்விடலாம். சிப்பைப் பெட்டியிலிருந்து நெம்பினார். வரவில்லை. சற்று அழுத்தி நெம்பினார். சிப் வந்தது, பெட்டியின் விளக்கு அணைந்தது.

அது போனால் போகிறது என்று சிப்பைப் போனின் சர்க்யூட் பலகையில் வைத்து, நேர்ப்படுத்தி, துப்பாக்கியை எடுத்தார். கழற்றும்போது இருந்த வேகம் ஒட்டும்போது கூடாது என்று நான்காவது வீடியோவில் சொன்னார்கள். அது அவருக்குத் துப்பாக்கியை அழுத்திய பிறகுதான் ஞாபகம் வந்தது. காற்று ஊதியது. சிப் பறந்தது.

மேசை மேல் இல்லை. நாற்காலியில் இல்லை. சட்டைப் பையில் இல்லை. கண்ணாடிக்காரர் தரையில் மண்டியிட்டு, பூதக்கண்ணாடியோடு ஓரமெல்லாம் தேடினார். லென்ஸ் தீட்டும் எந்திரத்தின் அடியில் பல வருடத்துக் கண்ணாடிப் பொடி குவிந்து கிடந்தது. அதற்குள் எங்கோ நகத்தளவு இடத்தில் அவர் மகள் இரண்டு வருடமாகப் பேசிக்கொண்டிருந்தாள்.

அங்கே மண்டியிட்டிருந்தபோதுதான் அவருக்குப் பயம் வந்தது. மனைவியிடம் மாட்டிக்கொள்வோமே என்கிற பயம் இல்லை, அது பழகினது. மகள் வேலைக்குப் போன முதல் நாள் அனுப்பிய பதிவு ஞாபகம் வந்தது. 'அம்மா, இங்க எனக்கு ரொம்ப பயமா இருக்கும்மா. அப்பாகிட்ட சொல்லாத, அவர் உடனே கிளம்பி வந்துடுவார்.' சமையலறைக் கதவுக்கு வெளியே நின்று அவர் அதைக் கேட்டிருந்தார். கேட்டதை யாரிடமும் சொன்னதில்லை. அந்தக் குரலைத் தன் கையாலேயே தொலைத்துவிட்டோம் என்று நினைத்தபோது, இருபத்திரண்டு வருடத்தில் முதல்முறையாக அவர் கை நடுங்கியது.

தொலைபேசி மறுபடி அடித்தது.

"என்னங்க, அண்ணி வெள்ளிக்கிழமை வரலையாம்."

"அப்பாடா."

"இன்னிக்கே வராங்களாம். பூசணி நல்லா இருக்கு அண்ணின்னு ஒரு வார்த்தை சொன்னேன். நேர்ல பாருன்னு தூக்கிட்டுக் கிளம்பிட்டாங்க." மனைவியின் குரல் கம்மியது. "என் போன் இன்னுமா காயுது?"

"வெயில் கம்மி" என்று வைத்துவிட்டார்.

ஒரு வழியாகச் சிப் கிடைத்தது, பொடியில் புரண்டு மின்னிக்கொண்டு. ஒரு காகிதத்தில் மடித்துக்கொண்டார். போனையும் ஸ்க்ரூக்களையும் பழைய கண்ணாடிப் பெட்டி ஒன்றில் போட்டார். அதே தெருவில் போன் ரிப்பேர் கடை இரண்டு இருக்கின்றன. ஆனால் அங்கே போனால் சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கச் சிரிக்கும். ரயில் பாலத்தைத் தாண்டி மூன்று தெரு நடந்து, தன்னை யாருக்கும் தெரியாத இடத்தில் ஒரு பெண் தனியாக நடத்திக்கொண்டிருந்த கடையில் போய் நின்றார். பூதக்கண்ணாடியை முன்ஜாக்கிரதையாகச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

ரிப்பேர்க்காரப் பெண் பெட்டியைத் திறந்து பார்த்தாள்.

"யாருது சார் இது?"

"தெரிஞ்சவங்க ஒருத்தரோடது."

"இதைத் திறந்தது?"

"அவரும் தெரிஞ்சவர்தான்."

அவள் பலகையை மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வைத்தாள். வெகு நேரம் பார்த்தாள். நிமிர்ந்து இவரைப் பார்த்தாள். மறுபடி குனிந்தாள்.

"சிப்பு மேல என்னவோ மின்னுதே."

"தூசிங்க."

"எங்க கடைத் தூசியெல்லாம் இப்படி மின்னாது" என்று தூரிகையால் துடைத்தாள். "ஒரு ஸ்க்ரூ வேற குறையுது."

"அது ஒரு வக்கீல்கிட்ட இருக்கு."

விவகாரம் கோர்ட்டு வரை போய்விட்டதாக்கும் என்று அவள் எண்ணியிருக்க வேண்டும். அதற்குமேல் ஸ்க்ரூவைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

"இதுல அவங்க பொண்ணு பேசினது இருக்கு" என்றார் கண்ணாடிக்காரர். "ரெண்டு வருஷம். மத்ததெல்லாம் போனாலும் பரவாயில்ல. அது மட்டும் வந்துடுமா?"

"உக்காருங்க சார். பார்க்கலாம்."

ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். எதிர்ச்சுவரில் போன் உறைகள் வரிசையாகத் தொங்கின. எழுபத்தாறு என்று எண்ணி முடித்துத் திரும்ப எண்ணினார். இனி எதையும் திறப்பதில்லை, பிஸ்கட் பாக்கெட்டைக்கூட மனைவியிடம் கொடுத்துத்தான் பிரிப்பது என்று மனதுக்குள் சத்தியம் செய்துகொண்டார்.

மேசையின் மறுபக்கத்தில் வெளிச்சம் வந்தது. போன் விழித்துக்கொண்டது. திரையில் பூட்டு. ரிப்பேர்க்காரப் பெண் யாரையும் எதையும் கேட்காமல் விரலால் ஒரு கோடு இழுத்தாள், பூட்டு திறந்தது. தொழில் தெரிந்தவர்கள் தொழில் தெரிந்தவர்கள்தான் என்று கண்ணாடிக்காரர் வியந்தார்.

அவள் ஓர் இடத்தைத் தொட்டாள். 'அம்மா, இன்னிக்கும் பஸ் வரல' என்று மகளின் குரல் கடைக்குள் கேட்டது. பின்னால் ஏதோ வண்டி ஹாரன் அடித்தது. கண்ணாடிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கு அழுகை வந்தது, அதை இருமலாக மாற்றிக்கொண்டார்.

"எல்லாம் இருக்கு சார். ஒண்ணும் போகல."

"நீங்க நல்லா இருக்கணும்மா" என்றார். மனம் லேசானதும் பழைய கை அரிப்பு கொஞ்சம் திரும்பியது. பையிலிருந்து புதிய சிப்பை எடுத்து மேசையில் வைத்தார். "இதைப் போட முடியுமான்னு பாருங்க. நூத்தி இருபத்தெட்டு. போலியாத்தான் இருக்கும்னு நினைக்கிறேன். வேற நல்லது இருந்தாலும் போடுங்க. பாவம் அந்தம்மா, ஒரு வருஷமா போன்ல இடமே இல்லாம அவஸ்தைப்படறாங்க."

ரிப்பேர்க்காரப் பெண் முதல்முறையாகச் சிரித்தாள். சிப்புக்குப் பக்கத்துப் பச்சைப் புள்ளி மேல் பின்மூடியைப் பொருத்தி, சுற்றிலும் அழுத்தினாள். கடைக்கு வெளியே ஒருமுறை எட்டிப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"உங்களைப் பார்த்தா நல்லவராத் தெரியுது, அதனால சொல்றேன், இதுல இருக்கறது இருநூத்தி ஐம்பத்தாறு சார், பொண்ணு குரலுக்குன்னே போன வருஷம் அந்தம்மா இங்க வந்து என்கிட்டதான் போட்டுக்கிட்டாங்க, இடமில்லைன்னு வர்றது சும்மா ஒரு போட்டோ, அவங்க வீட்டுக்காரர் தன்னோட அக்கா அனுப்பற பூசணி வீடியோவுக்காகப் பேச வரும்போதெல்லாம் எடுத்து நீட்டறதுக்கு, போன வாரம்கூட வந்து சொல்லிச் சிரிச்சாங்க, ஒரு வருஷமா அதுல மணி நாலு பத்துதான், அவர் வேலை பார்க்கறது கண்ணாடிக் கடையிலயாம், இன்னும் அவர் கண்ணுல படலையாம்."